துண்டு விழும் இடம்

ஆயிரத்து அறுநூறு பசுக்களும்
கலிஃபோர்னியாவை விட்டுத் தெற்கு டகோட்டா போகின்றன.
டெர்லாக்கில் தண்ணீர் விலை ஏறிவிட்டது,
தீவனம் அதற்கும் மேல்.
பசுக்களின் வண்டிச் செலவு முதலாளி மென்டோன்சாவுடையது.
பால் கறக்கிறவர்களின் வண்டிச் செலவு
பால் கறக்கிறவர்களுடையது.

இதைச் சொல்லும்போது அடெலீனோ
காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான்.
ஒன்றைக் கழற்றியவன் மற்றதை மறந்துவிட்டான்.

மின்கட்டண உறையின் முதுகில் எழுத ஆரம்பித்தேன்.
இருபதடி லாரி, ஒருவழி: நாலாயிரத்து நூறு டாலர்.
அதே லாரி அங்கிருந்து இங்கே வர எண்ணூற்று எழுபது.
கவுன்டர் பையனிடம் கேட்டேன்,
திரும்பி வருகிறவர்களே கிடையாதா?
"லாரி திரும்பி வந்தா போதும் மேடம் எங்களுக்கு,
யார் ஓட்டினாலும் சரி."
ஊர் காலியாவதை முதலில் தெரிந்துகொள்வது
லாரிக்காரன்தான் போலிருக்கிறது.

அங்கே மாநில வருமான வரி இல்லை
என்று மூன்று முறை சொன்னான் அடெலீனோ,
ஏதோ நிலம் எழுதிவைத்த மாதிரி.
வரி போட முதலில் வருமானம் வேண்டுமே என்றேன்.
முட்டைக்கும் ரொட்டிக்கும் அங்கே விற்பனை வரி உண்டு.
அதை அவன் ஒரு முறையும் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக இந்த ஊர்த் தலைகள் என் கையில்.
யாருக்கு உச்சியில் சுழி, யாருக்குக் காதோரம் தழும்பு,
யார் கணவனுக்குத் தெரியாமல் சாயம் பூசுகிறாள், எல்லாம் தெரியும்.
என் உரிமம் மட்டும் மாநில எல்லை தாண்டாது.
மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம்,
பதில் வர எட்டு வாரமாம்.
பசுக்களுக்கு ஒரே மத்தியானத்தில்
கால்நடை மருத்துவர் கையெழுத்துப் போட்டு முடித்தார்.

வாடகை முன்பணம். பனி டயர் நாலு.
டெல்ஃபினாவின் பல் கம்பி பாதியில் நிற்கிறது.
இங்குள்ள டாக்டர் கட்டிய பணத்தைத் திருப்பித் தரமாட்டார்,
அங்குள்ளவர் முதல் பல்லிலிருந்து எண்ணுவார்.
"பாதிச் சிரிப்போடே இருந்துக்கிறேன்" என்கிறாள்,
பதினான்கு வயது, வாயை மூடிக்கொண்டு.

சோபாவுக்கு நூறு கேட்டேன்.
வந்தவள் எங்கள் பன்னிரண்டு வருடத்தின் மேல்
இரண்டு முறை குதித்துப் பார்த்தாள்.
"ஒரு பக்கம் அமுங்குதே. அறுபது."
அமுங்கிய பக்கம் அடெலீனோவுடையது.
அறுபதை வாங்கிக்கொண்டேன்.

எப்படிக் கூட்டினாலும் இரண்டாயிரத்து முந்நூறு
துண்டு விழுகிறது.
சலூனில் தினம் நாற்பது துண்டு துவைத்துக் காயப்போடுகிறேன்.
இது எந்தக் கொடியிலும் காயாது.
எங்கோ உதைக்கிறது என்று உறையைத் திருப்பினால்
முன்பக்கத்தில் நூற்று எண்பத்து நாலு:
இந்த மாத மின்சாரம், இன்னும் கட்டவில்லை.

செவ்வாய் விடியலில் கடைசி லாரி.
காதில் 914 என்று எண் தொங்கிய பசு
சாய்பலகையில் முன்காலை வைத்ததோடு நின்றுவிட்டது.
நாலு பேர் தள்ளினார்கள்.
மென்டோன்சா கடிகாரத்தைப் பார்த்தார்.
டிரைவர் மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவன்,
சிகரெட் பற்றவைத்தான்.
அடெலீனோ தள்ளவில்லை.
அதன் காதருகே குனிந்து
அசோர் தீவுப் போர்ச்சுகீசியத்தில் ஏதோ சொன்னான்,
ரொம்ப நேரம்.
அது ஏறியது.

அன்றிரவு சோபா இல்லாத வீட்டில்
எங்கள் பேச்சு சுவரில் பட்டுத் திரும்பியது.
விளக்கணைத்த பிறகு
அதே தாழ்ந்த குரல் என் காதருகே:
"குளிர்தான், இடாலினா. ஆனால்..."
ஆனாலுக்குப் பிறகு அவனிடம் எதுவும் இல்லை.

பசுவிடம் சொன்னதையே சொல், என்றேன்.